தலை திரும்பினால் வண்டியும் திரும்பும்

ஜூலை 7, திங்கள்

பாப்பாவின் சாக்ஸைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். இரண்டு கணுக்காலிலும் சிவப்புத் தடம். குளிக்க வைக்கும்போது தானாகவே சொன்னாள். "மிஸ் ஷாலால காலை நாற்காலியோட கட்டிட்டாங்கம்மா. எழுதறப்ப முன்னாடி இருக்கற பொண்ணை உதைச்சிடறேன்ல? வேணும்னே பண்றியான்னு கேட்டாங்க."

மஞ்சள் ஷாலாம். வகுப்பே சிரித்ததாம்.

எட்டு வயசுக் குழந்தைடீ அவ! உன்னை விடமாட்டேன்.

ஜூலை 8

தலைமை ஆசிரியையிடம் என் வீட்டுக்காரர்தான் போனார். நான் போனால் அடிதடி ஆகிவிடுமாம். "இறுக்கிக் கட்டலையே சார், ஒரு பழக்கத்துக்குத்தான்" என்றாளாம் அந்த அம்மாள். இவரும் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஜூலை 12, சனி

குழந்தைகளைப் பார்க்கும் தெரபிஸ்டிடம் கூட்டிப்போனேன். பாப்பாவைக் கையும் முட்டியும் தரையில் ஊன்றி நிற்கச் சொல்லி, "கீழ பாரு செல்லம்" என்றார். தலை குனிந்ததும் முழங்கை மடங்கி, பின்பக்கம் மேலே கிளம்பியது. நிமிர்ந்தால் அப்படியே குதிகால்மேல் உட்கார்ந்துவிட்டாள். திரும்பத் திரும்ப அதேதான்.

கைக்குழந்தைகளுக்கு உடம்பு இப்படித் தானாக அசையுமாம். தவழ்ந்து வளரும்போது அடங்கிவிடும். சிலருக்கு அடங்காமல் மிச்சம் நிற்கும். நோட்டைப் பார்க்கக் குனிந்தால் கை மடங்கும், கால் விறைத்து நீளும். போர்டைப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். இன்னொரு வகையும் உண்டாம், தலை திரும்பிய பக்கம் கை நீளுமாம். எல்லா டாக்டர்களும் இதை ஒப்புக்கொள்வதில்லை என்பதையும் அவரே மறைக்காமல் சொன்னார்.

"அவ உதைக்கலைங்க. எழுதக் குனியறா, அவ்வளவுதான்."

அப்படியென்றால் ஒவ்வொரு வரிக்கும் என் குழந்தை தன் உடம்போடு மல்லுக்கட்டியிருக்கிறாள். அதற்குத்தான் அந்தக் கட்டு.

ஜூலை 13

மெதுவாகத் தவழ்வதுதான் பயிற்சி. ஹாலில் நானும் அவளும் தவழ்ந்தோம். அவர் பேப்பரோடு சோபாவில் காலைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டார்.

ஜூலை 21, திங்கள்

கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார்!

நான் வண்டி ஓட்டச் சொல்லித்தரும் டிரைவிங் ஸ்கூலில், காலை ஆறு மணி வண்டிக்குப் புதுசாக ஒருத்தி. கழுத்தில் மஞ்சள் ஷால். எங்கே வேலை என்று சும்மா கேட்டேன். அதே பள்ளிக்கூடம், பாப்பாவின் அதே மூன்றாம் வகுப்பு. பள்ளிக்குப் போய்வருவதெல்லாம் அவர் என்பதால் என்னை அவளுக்குத் தெரியாது. "கொஞ்சம் பயமா இருக்கு மேடம்" என்றாள்.

இருக்கட்டும். சீட் பெல்ட்டை நானே போட்டுவிட்டேன், நன்றாக இழுத்து.

ஜூலை 24

வலது கண்ணாடியைப் பார்க்கச் சொன்னால் வலது கை விறைத்து ஸ்டீயரிங்கைத் தள்ளுகிறது. இடப்பக்கம் பார்த்தால் இடது கை. வண்டி பாம்பாக வளைகிறது. தெரபிஸ்ட் சொன்ன அந்த இன்னொரு வகையா? சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் வயிறு குளிர்ந்துபோனது.

பின் சீட்டில் முறைக்குக் காத்திருந்த காலேஜ் பெண்கள் சிரித்தார்கள். நான் அடக்கவில்லை. "ஏங்க, வேணும்னே பண்றீங்களா?" என்றேன். எவ்வளவு இனிப்பாக இருந்தது அதைச் சொல்ல!

ஜூலை 28

இன்றும் அவளை அழவைத்தேன். நன்றாகத் தூக்கம் வருகிறது.

ஜூலை 30, புதன்

மைதானத்தில் வரிசையாக வைத்திருந்த கூம்புகளை மொத்தமாகச் சாய்த்துவிட்டாள். பின்னால் ஒரே சிரிப்பு. "வேணும்னு பண்ணலை மேடம். தலை திரும்பினா கையும் கூடவே போயிடுது. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்" என்றாள்.

"அப்ப கட்டிடலாமா? அந்த ஷாலைக் குடுங்க."

பயத்தில் நிஜமாகவே கழற்றிவிட்டாள். என்னிடம் நீட்டிய கை பாதியில் நின்றது. ஷாலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்க... அவளோட அம்மாவா?"

இத்தனை நாள் கண்ணாடி முன் நின்று சொல்லிப்பார்த்த வசவு ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"அவளும் வேணும்னு பண்ணலை" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

ஆகஸ்ட் 1

இரண்டு நாளாக அவள் வரவில்லை. ஜெயித்தாயிற்று. ஆனால் பாப்பா தினமும் அவள் வகுப்பில்தானே உட்காருகிறாள்? அங்கே வைத்துப் பழியைத் தீர்த்துக்கொண்டால்? இதை ஏன் முன்னாடியே யோசிக்கவில்லை நான்? புத்தி கெட்டவளே!

ஆகஸ்ட் 4, திங்கள்

பள்ளியிலிருந்து குதித்துக்கொண்டு வந்தாள். "என்னை முதல் வரிசைல உக்கார வெச்சிட்டாங்கம்மா. முன்னாடி யாருமே இல்ல. காலை எவ்ளோ வேணா நீட்டிக்கோன்னாங்க. எல்லார் முன்னாடியும் மிஸ் என்கிட்ட ஸாரி கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பரவால்ல மிஸ்னு."

அவளுக்குப் பரவாயில்லை. எனக்கு இல்லை.

ஆகஸ்ட் 5

ஆறு மணிக்கு வந்து நின்றாள். கழுத்தில் ஷால் இல்லை. காலேஜ் பெண்களை வேறு வண்டிக்கு அனுப்பிவிட்டேன். இன்ஜினைப் போடவில்லை.

"தலையை மட்டும் திருப்புங்க. மெதுவா. கை இருக்கற இடத்துலயே இருக்கட்டும்."

முழங்கை விறைத்தது. உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டேன், பாப்பாவுக்குப் பிடிப்பதுபோல. ஒரு மணி நேரமும் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

மன்னிக்கவில்லை. நாளைக்குக் கால் மணி முன்னாலேயே வரச் சொல்லியிருக்கிறேன்.