நீ கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில்

மாடி வீட்டில் நண்டு வேகிறது. பூண்டும் மிளகும் தட்டிப் போட்ட வாசனை படிக்கட்டு வழியாக இறங்கி என் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஜன்னலைச் சாத்தினேன். நம் ஹனஃபி வீடுகளில் நண்டு ஆகாது என்பதால் சாத்தவில்லை. உன் ஞாபகம் வந்ததால் சாத்தினேன்.

உன்னைக் கட்டிக்கொடுத்த கோவளத்து வீடு ஷாஃபி மத்ஹப், மார்க்கச் சட்டத்தில் வேறொரு இமாமின் வழி. அவர்களுக்குக் கடலில் இருந்து வருவதெல்லாம் ஆகும். நீ சட்டி சட்டியாக நண்டு சமைப்பாய், ஒரு துளி நாக்கில் வைக்க மாட்டாய். உப்பு பார்க்க நாத்தனாரைக் கூப்பிடுவாய். முதல் தடவை அதைப் பார்த்தபோது, "இன்னாடி இது கூத்து?" என்று கேட்டேன். நீ கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாய்: "ரெண்டு இமாமுங்களும் ஒரே ஹதீஸைத்தான் படிச்சாங்க. ஆளுக்கு ஒரு மாதிரி புரிஞ்சுகினாங்க. அவங்களே சண்டை போட்டுக்கல. நான் இன்னாத்துக்கு அடுப்பாண்ட சண்டை போடணும்?"

கப்ருஸ்தானுக்கு, நீ அடங்கியிருக்கும் இடத்துக்கு, பெண்கள் போகும் வழக்கம் நம்மிடம் இல்லை. அதனால் எழுதுகிறேன். உன் மீது ஸலாம் உண்டாகட்டும். பதில் ஸலாம் சொல்வாய் என்று நம்புகிறேன், நீ அதில் கஞ்சத்தனம் பார்க்கிறவள் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மேல் பொறாமை. நீ இருந்தபோதும் இருந்தது, நீ போய் இரண்டு மாதம் ஆகியும் இருக்கிறது. மையித்து மேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்காதே. நான் படுகிறேன்.

செங்கல்பட்டு மதரஸாவில் ஐந்து வருடம் நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். உஸ்தாத் திரைக்கு அந்தப் பக்கம் இருப்பார், குரல் மட்டும் வரும். மார்க்கச் சட்டத்தின் வேர்கள் எத்தனை என்று அந்தக் குரல் கேட்கும். நான் முந்திக்கொள்வேன். நான்கு: குர்ஆன், அதாவது இறைவனின் சொல். ஹதீஸ், நபியின் சொல்லும் செயலும். இஜ்மா, அறிஞர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டது. கியாஸ், தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுத் தெரியாத ஒன்றுக்கு வழி காண்பது. ஒன்றில் கிடைக்காவிட்டால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன்.

ஒரு நாள் உஸ்தாத் பரீட்சைக்காக ஒரு கேள்வி போட்டார். நோன்பு வைக்க முடியாத ஒரு பெண் என்ன செய்ய வேண்டும்? நான் நான்கு வேர்களையும் பிடுங்கி மேசை மேல் வைத்தேன். உன்னைக் கேட்டபோது நீ, "தெரியாது உஸ்தாத். அந்தம்மாவுக்கு இன்னா வயசு? இன்னா ஒடம்புக்கு?" என்றாய். வகுப்பே சிரித்தது. திரைக்கு அந்தப் பக்கம் மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்தப் பிள்ளை கேட்டது சரி" என்று குரல் வந்தது. அந்த வருடம் முதல் மதிப்பெண் எனக்குத்தான். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கேள்வி போட்டாலும் உஸ்தாத், "அந்தப் பிள்ளை என்ன சொல்லுது?" என்று கேட்க ஆரம்பித்தார். அந்தப் பிள்ளை நான் இல்லை. வயிறு எரிந்தது. அன்றைக்குப் பற்றியதுதான்.

நீ கோவளத்துக்குப் போன பிறகு பெண்கள் உன்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஆண்களிடம் கேட்க முடியாத கேள்விகள். தீட்டு நிற்காத நாள்கள், புருஷன் மவுத்தாகி இத்தாவில் வீட்டோடு இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, கோபத்தில் புருஷன் வாய்விட்ட தலாக். இங்கே என் வீட்டு வாசலில் மார்க்கம் படித்தவள் என்று தெரியப் பலகையே மாட்டியிருந்தேன், 'ஆலிமா' என்று. என்னிடம் குழந்தைக்குப் பெயர் வைக்கக் கேட்டு வருவார்கள், அவ்வளவுதான். மிச்சம் எல்லோரும் திருக்கழுக்குன்றம் பஸ்ஸைப் பிடித்து, மாமல்லபுரத்தில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி உன்னிடம் வருவார்கள். என் தெருப் பெண்களே வந்தார்கள். பஸ் சத்தம் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும்.

அதைவிட ஆத்திரம் எது தெரியுமா? பதில் எல்லாம் என்னுடையது. ஒவ்வொரு புதன்கிழமையும் அஸர் தொழுகைக்குப் பிறகு நீ போன் செய்வாய். "ஏய், ஒரு கேள்வி கீது, கிதாபை எடு" என்பாய். நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தபோது, மருந்து கலந்த அந்தத் தண்ணீரில் தொழுகைக்கு ஒளுச் செய்யலாமா என்று யாரோ உன்னிடம் கேட்டிருந்தார்கள். நான் அரை மணி நேரம் பேசினேன். கடல் தண்ணீரே சுத்தம் என்று ஹதீஸ் இருக்கிறது, உப்பை எடுத்ததால் அது கெட்டுப்போகாது, கிணற்றில் சுண்ணாம்பு போடுவதோடு ஒப்பிடலாம் என்று கியாஸ் வரைக்கும் போனேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ செய்யலாம்" என்றாய். மறுநாள் அந்தப் பெண்ணிடமும் அந்த ஒரு வார்த்தைதான் சொல்லியிருப்பாய். அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். பாடுபட்டவள் நான், பேர் வாங்கியவள் நீ.

என் தெருவில் சபூரா என்று ஒருத்தி. புருஷன் வடக்கே வேலைக்கு என்று போனவன் மூன்று வருடமாகத் தகவல் இல்லை, போனும் இல்லை. அவள் ஒரு நாள் என் வாசலில் வந்து நின்று, "எம் புருஷன் விஷயமா மார்க்கம் இன்னா சொல்லுது ஆலிமாம்மா?" என்று கேட்டாள். எனக்குக் கொண்டாட்டம். காணாமல் போனவனின் மனைவி பற்றி நம் மத்ஹபின் பழைய சட்டம், அவன் வயசுக்காரர்கள் எல்லாம் சாகும் வரை காத்திருக்கச் சொல்வது. அது பெண்ணுக்குக் கஷ்டம் என்று பின்னால் வந்தவர்கள் இன்னொரு இமாமின் சட்டத்தை எடுத்து நான்கு வருடமாக்கியது. காஜி தீர்ப்பு, அதற்குப் பிறகு இத்தா, அதற்குப் பிறகு மறுமணம். ஒன்று விடவில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். எழுந்து போனாள். மறுநாள் காலை பஸ்ஸில் ஏறி உன்னிடம் வந்துவிட்டாள்.

அந்தப் புதன்கிழமை நீ போன் செய்தாய். ஆளைச் சொல்லவில்லை, நீ யார் பெயரையும் எப்போதும் சொன்னதில்லை. "உயிரோட கீறாரா இல்லையான்னே தெரியாத ஒருத்தருக்கு எப்படி துஆ கேக்குறது?" என்றாய். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னேன்: "இதுக்குப் போயா? பாவமன்னிப்பு கேட்கச் சொல்லு. அது உயிரோட இருக்கிறவங்களுக்கும் ஆகும், மவுத்தானவங்களுக்கும் ஆகும்." நீ அதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தாய். பிறகு, "நல்லாச் சொன்னேடி" என்றாய்.

அடுத்த வாரம் சபூரா என்னைத் தெருவில் நிறுத்தினாள். முகம் தெளிந்திருந்தது. "கோவளத்து ஆலிமாம்மா என்னாண்ட, நீ இன்னொரு கல்யாணம் பண்ணிக்கணும்னு நெனைக்கிறியாம்மான்னு கேட்டாங்க. இல்லன்னேன். எல்லாரும் அதத்தான் நெனச்சுக்கிறாங்க. தொழுதுட்டுக் கைய ஏந்துனா, கொண்டாந்து சேருன்னு கேக்கறதா, மன்னிச்சுடுன்னு கேக்கறதா, அதான் எனக்குத் தெரியல. மூணு வருசமா வெறுங்கைய ஏந்திட்டு எறக்கிகினு இருந்தேன். அவங்கதான், பாவமன்னிப்பு கேளு, உயிரோட இருக்கிறவங்களுக்கும் ஆகும், மவுத்தானவங்களுக்கும் ஆகும்னு வழி சொன்னாங்க" என்றாள்.

அவர்கள் சொன்னதாக அவள் சொன்னது என் வாக்கியம். அப்படியே என் வாக்கியம், வெங்காயம் நறுக்கும்போது சொன்னது. அவள் என் வாசலில்தான் முதலில் நின்றாள். நான் அவளை ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேட்டிருந்தால் அந்தப் பதில் என் கையால் அவளுக்குப் போயிருக்கும். இது எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்ததால் திருந்தவில்லை, இன்னும் எரிந்தேன். ஞானம் கொடுக்கப்பட்டவரைப் பார்த்து நமக்கும் வேண்டும் என்று ஆசைப்படுவதற்கு மார்க்கத்தில் இடம் உண்டு. என்னுடையது அந்த வகை இல்லை. எனக்கு வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, உன்னிடம் இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

அந்த மாதமே உங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் பெண்களுக்கு பயான் செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிடச் சொன்னதே நீதான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, நான் பேச எழுந்ததும் மற்றவர்களைச் சும்மா இருக்கச் சொல்லிக் கை காட்டினாய். நான் பேசினேன். குர்ஆன், ஹதீஸ், இஜ்மா, கியாஸ் என்று வரிசையாக விளக்கினேன். கடைசியில் சொன்னேன்: "இந்த நான்கும் தெரியாமல், கிதாபைத் திறக்காமல், வாய்க்கு வந்ததை மார்க்கம் என்று சொல்கிறவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஜாக்கிரதையாக இருங்கள்." பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பெண்கள் எல்லோரும் மூன்றாவது வரிசையைப் பார்த்தார்கள். நீ முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாய்.

பேச்சு ஆண்களுக்குப் போனது. ஜமாஅத்தில் உன்னைக் குழந்தைகளுக்கு ஓதிக்கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். நிறுத்திக்கொண்டாய். அதற்குப் பிறகும் புதன்கிழமைகளில் போன் வந்தது. மாமியாருக்கு முட்டி வலி, நாற்காலியில் உட்கார்ந்து தொழலாமா என்று கேட்டாய். உன் வீட்டுக் கேள்விகள் மட்டும். கல்யாண வீட்டில் நடந்ததைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை. நான்கு வருடம் இருந்தது எனக்கு. அடுத்த புதன், அடுத்த புதன் என்று தள்ளினேன். மஞ்சள் காமாலை உன்னைப் பத்து நாளில் கொண்டுபோய்விட்டது. நான் வந்து சேர்ந்தபோது ஜனாஸா எடுத்துவிட்டார்கள்.

அன்று முதல் என் கேள்வியை நானே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். புறம் பேசுவதையே செத்த உடன்பிறப்பின் மாமிசத்தைத் தின்பதற்குச் சமம் என்கிறது குர்ஆன், நானோ உன்னை எதிரில் வைத்துக்கொண்டே பேசினேன். நண்டைத் தொடாத வாய் என்று பெருமைப்பட்ட வாய் இது. ஹதீஸைப் பார்த்தேன், அநியாயம் செய்தவர் இந்த உலகத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றிருக்கிறது. இஜ்மாவில் மாற்றுப் பேச்சே இல்லை: மனிதருக்குச் செய்த கெடுதலை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும். கியாஸ் செய்து பார்த்தேன். செத்தவரின் பொருளை எடுத்தவன் வாரிசிடம் கொடுத்துவிடலாம். மானத்தை எந்த வாரிசிடம் கொடுப்பது? முதல் முறையாக என்னிடம் ஒரு கேள்வி இருந்து பதில் இல்லை. புதன்கிழமை வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எந்தச் சபையில் இழிவாகப் பேசினோமோ அதே சபையில் புகழ்ந்து பேச வேண்டும் என்று சில அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். உன்னைப் புகழ்வதா என்று நெஞ்சு அப்போதும் முரண்டு பிடித்தது. போன வெள்ளிக்கிழமை புறப்பட்டு வந்தேன், இத்தனை நாள் நான் திட்டித் தீர்த்த அதே பஸ்ஸில்.

உன் வீட்டில் முப்பது பெண்கள் உனக்காக யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் எழுந்து நின்றேன். "நாலு வருசத்துக்கு முன்னாடி கல்யாண வீட்டில் நான் சொன்னது பொய். பொறாமையில் சொன்னேன். இவள் ஒரு நாளும் கிதாபைக் கேட்காமல் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்" என்றேன்.

உன் நாத்தனார் என்னை உட்கார வைத்தாள். "தெரியும் ஆலிமாம்மா" என்றாள். "புதன்கெழம செங்கல்பட்டு ஆலிமாவக் கேட்டுச் சொல்றேன்னுதான் அண்ணி எல்லாரையும் அனுப்புவாங்க. கிதாபு அவளாண்ட கீது, நான் சும்மா போன் போட்றவன்னு சொல்லிச் சிரிப்பாங்க. இங்க ஒங்களத் தெரியாதவங்க யாரு?"

பின்னால் இருந்து மீன் விற்கும் ஒரு அம்மா சொன்னாள்: "ஜமாத்துல நிறுத்தச் சொன்ன அன்னிக்கு நாங்கதான் கோவமா பேசினோம். அவங்க வுடல. அவ என்னயத் திட்டலாம், நீங்க அவளத் திட்டக் கூடாதுன்னாங்க. நான் மன்னிச்சு ஹலால் பண்ணிட்டேன், நீங்க எல்லாரும் சாட்சின்னாங்க. அப்புறம் ஒங்க பேரச் சொல்லி துஆ கேட்டாங்க. வெள்ளிக்கு வெள்ளி கேப்பாங்க. இன்னிக்கும் கேட்டோம், நீங்க வாசல்ல செருப்பு கழட்டும்போது."

முப்பது சாட்சிகள். நான் தேடி அலைந்த தீர்ப்பை நான்கு வருடத்துக்கு முன்பே எழுதி முடித்துவிட்டாய். இதிலும் முந்திக்கொண்டாய். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல்.

அழுகை நின்ற பிறகு அந்த அம்மாவிடம் கேட்டேன்: "துஆவில் என் பேரை எப்படிச் சொல்லுவா?"

அவள் சொல்லிக் காட்டினாள். சரியாக வரவில்லை என்று அவளே தலையை ஆட்டினாள். இன்னொருத்தி முயன்றாள். பக்கத்தில் இருந்தவள், "அப்டி இல்ல, கடைசில கொஞ்சம் சிரிச்ச மாதிரி சொல்லுவாங்க" என்றாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். எல்லோருக்கும் அது ஞாபகம் இருக்கிறது. வாரா வாரம் கேட்டிருக்கிறார்கள். நான் மட்டும் கேட்டதில்லை. உன் மேல் பட்ட பொறாமையே இன்னும் தீரவில்லையடி, இப்போது அந்த முப்பது பேர் மேலும் சேர்ந்துகொண்டது.