ருசி பார்க்காமல் வந்த ஆர்டர்

சித்தூர்
19-6-2016

அன்பு மகன் ஹரிபாபுவுக்கு அம்மா சுந்தரம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் தங்கச்சி சிவசங்கரியும் சாமி புண்ணியத்தில் சௌக்கியம். கடையில் ஆவக்காய் ஜாடிகளும் சௌக்கியம், நீ போனில் முதலில் கேட்பது அதைத்தானே, அதனால் சொல்லி வைக்கிறேன். டாலஸில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போனில் என்றால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும். அதுவும் நீ போன் பண்ணியே ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது.

நீ பொங்கலுக்கு வந்தபோது நம் ஊறுகாய்க் கடையை ஆன்லைனில் ஏற்றுகிறேன் என்று ஆரம்பித்தாயே, அதில் வந்த வினைதான் எல்லாம். திருப்பதியிலிருந்து போட்டோக்காரனைக் கூட்டி வந்து, ஜாடிக்கெல்லாம் எண்ணெய் தடவி, உன் நைனாவுக்கு ஜென்மத்தில் கட்டாத தலைப்பாகையைக் கட்டிப் படம் எடுத்தாய். கீழே மூன்று தலைமுறை ருசி என்று எழுதினாய். கங்காதர நெல்லூரில் அடுத்தவர் தோப்பில் கூலிக்கு மாங்காய் பறித்தவர்கள் நாம், கடை வைத்ததே நீ நாலாவது படிக்கும்போது. மீதி இரண்டு தலைமுறையை எங்கேடா பிடித்தாய் என்று கேட்டதற்கு, அது மார்க்கெட்டிங்மா என்றாய். சரி, அமெரிக்காவில் படித்த பிள்ளை, தலைமுறையைக்கூட உண்டு பண்ணுவான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். கிளம்பும்போது நைனாவிடம், இனிமே நீ யார்கிட்டயும் வாயைத் தொறக்கவே வேணாம் நைனா, ஆர்டர் தானா வரும், டப்பாவுல போட்டு அனுப்பிக்கினே இரு போதும் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். அங்கேதான் சனி பிடித்தது.

நம் கடை வழக்கம் உனக்கே தெரியும். வருகிறவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு வைத்து நக்கிப் பார்க்கச் சொல்லி, யாருக்கு, வீட்டில் வயசானவர் உண்டா, குழந்தை உண்டா என்று விசாரித்த பிறகுதான் உன் நைனா கரண்டியைத் தொடுவார். காரம் தாங்காத மூஞ்சி என்று பட்டால், ஆவக்காய் கேட்டு வந்தவரை எலுமிச்சங்காயோடு திருப்பி அனுப்புவார். கம்ப்யூட்டரில் நாக்கை நீட்ட வழி இல்லையா என்று சிவசங்கரியைக் கேட்டேன், அதற்குப் பட்டன் கிடையாதாம். முதல் ஆர்டர் வந்த அன்று உன் நைனா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, துன்ற சாமானை நாக்குல வெச்சுப் பாக்காமயே ஒருத்தி கேக்குறா, நான் இன்னான்னு அனுப்பறது என்று உட்கார்ந்துவிட்டார். பார்சலில் ஒட்டுகிற சீட்டில் அந்தப் பெண்ணின் போன் நம்பர் இருந்தது. அவ்வளவுதான், ஏம்மா, காரம் தாங்குவியா என்று ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து ஆர்டர் போட்ட அத்தனை பேருக்கும் போன். தமிழில் பாதி தெலுங்கில் பாதி, இந்திக்காரராக இருந்தால் மிர்ச்சி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டே ஒரு முழுப் பேச்சு.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் உன் மேனேஜரின் அம்மா ஹைதராபாத்திலிருந்து மூன்று கிலோ ஆவக்காய் கேட்டார். மேனேஜரின் அம்மா என்று நீயும் எங்களுக்குச் சொல்லவில்லை, அந்த அம்மாளும் சொல்லவில்லை. வயிற்றுப்புண் இருக்கிறது என்பதை மட்டும் வாய்தவறிச் சொல்லிவிட்டார். இவர் விடுவாரா, உனுக்கு இது ஆகாதும்மா, கொஞ்ச நாளைக்கு மோர்ச்சோறு துன்னு, புண்ணு ஆறட்டும், அப்புறம் நானே அனுப்பறேன் என்று தெலுங்கில் வைத்தியம் சொல்லி, ஆர்டரை அழித்துவிடும்படி சிவசங்கரியிடம் சொன்னார். அந்த அம்மாள் மகனிடம் சொல்ல, அவர் ஆபீசில் நாலு பேர் எதிரில் சொல்லிச் சிரிக்க, நீ மானம் போச்சு என்று நைனாவிடம் போனில் கத்தினாய். வியாபாரம் தெரியாத ஆளு என்றாய். அந்த வியாபாரம் தெரியாத ஆள் ஊறுகாய் விற்றுத்தான் நீ விமானத்தையே பார்த்தாய், அதை நான் சொல்லிக்காட்டவில்லை, சும்மா ஞாபகப்படுத்துகிறேன். இவரும் லேசுப்பட்டவர் இல்லை, அவனா பேசாம நான் பேச மாட்டேன் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்கிறார். அப்பனும் மகனும் ஒரே அச்சு, நடுவில் கிடந்து மாள்வது நான்.

வீம்பு வாயோடு சரி. சாயங்காலம் ஆனால் சிவசங்கரியிடம், அமெரிக்காவுல இப்ப மணி இன்னா என்று யாரோ வேற்றாள் மாதிரி கேட்பார். அவள் சொன்னதும் போனைச் சட்டைத் துணியால் துடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். உன் கணக்குப்படி ஆர்டர் குறைந்திருக்க வேண்டும், அதுவும் இல்லை, கூடித்தான் இருக்கிறது. நாக்பூரில் ரோஹிணி என்று ஒரு பெண், நம் ஜில்லா குடுபல்லியில் பிறந்து அங்கே வாக்கப்பட்டவள், வாராவாரம் கால் கிலோ கேட்டுக்கொண்டே இருந்தாள். இவ்ளோ காரம் உடம்புக்கு ஆகாது பொண்ணே என்று உன் நைனா அதட்டினார். அதற்கு அவள், போன தபா அனுப்பினதையே இன்னும் பிரிக்கல நைனா, ஆர்டர் போட்டா நீ போன் பண்ணுவ, நம்ம ஊர் பேச்சைக் கேக்கலாம், அதுக்குத்தான் என்றாளாம். அதைச் சொல்லிவிட்டு உன் நைனா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. பெறாத பிள்ளைக்குத் தெரிந்த வழி பெற்ற பிள்ளைக்குத் தெரியவில்லையே என்று எனக்கும் அழுகைதான் வந்தது.

அதனால் ஒரு யோசனை சொல்கிறேன், கேள். நீயும் கால் கிலோ ஆவக்காய் ஆர்டர் போடு. வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை என்று நீயே அதில் எழுதி வைத்திருக்கிறாயாம், பரவாயில்லை, நம் வீட்டு விலாசத்தையே போடு. கடையிலிருந்து வீட்டுக்கு வர ஒரு தெரு, கூரியர் செலவும் மிச்சம். போன் நம்பர் மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும். ஆர்டர் போட்டவரிடம் பேசாமல் உன் நைனா ஒரு டப்பாவைக்கூட வெளியே விட்டதில்லை, வீம்புக்காக அந்த வழக்கத்தை விட அவரால் ஆகாது.

தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளிக்காதே. ஏழுமலையான் உன்னைக் குறையில்லாமல் வைக்கட்டும், நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, போன் வந்தால் மீட்டிங் என்று சொல்லாதே. காரம் தாங்குவியா என்றுதான் முதலில் கேட்பார், தாங்குவேன் நைனா என்று சொல்லு.

இப்படிக்கு, உன் நல்லதையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா சுந்தரம்மா