அத்தை வீட்டுத் தரை

நோர்வூட்
நவம்பர் 10

அன்பு மகன் லோஜனுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் இங்கே மழையில் சுகம், நீ அங்கே வெயிலில் சுகமாக இருக்க வேண்டும் என்று நம் தோட்டத்து மாரியம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது அப்பா ஏன் காகிதத்தைத் தேடினார் என்று நினைப்பாய். போனில் மூன்று தடவை சொல்லப் பார்த்தேன், உன் முகம் தெரிந்ததும் வாய் வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்துத் துஷாந்த் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதையும் அம்மா இடித்த மிளகாய்த்தூளையும் கொடுத்தனுப்புகிறேன். தூளைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, சாப்பிட்டு முடித்த பிறகு இதைப் படி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். காளியாயி அத்தையின் புது வீட்டுக்கு நீ ஆசையாகப் பணம் அனுப்பிப் போட்டுக் கொடுத்த வெள்ளை டைல்ஸை உடைத்து எடுத்துவிட்டோம். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே எடுத்தாயிற்று. தீபாவளியன்று நீ வீடியோவில் கூப்பிட்டபோது அத்தையின் முகத்தை மட்டும் கிட்டக் கிட்டக் காட்டினோமே, அது தரை உன் கண்ணில் படக் கூடாது என்றுதான். உன் அம்மா போனைக் கூரைப் பக்கம் தூக்கித் தூக்கிப் பிடித்ததைப் பார்த்து சிக்னல் சரியில்லையா என்று கேட்டாய், நானும் ஆமாம் என்றேன். இந்த அறுபத்துமூன்று வயதுக்கு மேல், பெற்ற மகனிடமே பொய் சொன்னேன், அன்றைக்குத் தின்ற பலகாரம் எனக்கு ருசிக்கவே இல்லை.

டைல்ஸ் அழகில்லை என்று யாரும் சொல்லவில்லை மகன். உண்மையைச் சொன்னால் அதை எல்லோரையும் விட விரும்பினவன் நான்தான். அத்தை குடிபோகும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சாக்குச் சொல்லிவிட்டு மத்தியானங்களில் தனியாக அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். வாசல் கதவைத் திறந்து வைத்தால் எதிர்மலை முழுவதும் தரைக்குள் இறங்கிவிடும். மேகத்தை முதலில் தரையில்தான் பார்ப்பேன், பிறகுதான் தலையைத் தூக்கி வானத்தைப் பார்ப்பேன். சில நாள் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும், தரையும் அதுவும் ஒரே வெள்ளையாகி நான் இருப்பது வீட்டிலா மேகத்திலா என்றே தெரியாது. உன் அம்மா ஆள் விட்டுக் கூப்பிடுவாள். முப்பது வருஷம் ஃபெக்டரி மாடியில் தேயிலைக் கொழுந்து வாட்டி அந்த வாசத்திலேயே பாதி தூங்கிப் பழகின மனுஷன், இப்போது குளிர்கிற தரையில் குந்திக் குந்தி மூலத்தை வரவழைத்துக்கொள்ளப் போகிறார் என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும்படி சொல்வாள். அவள் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கு அந்தத் தரை ஒரு குளம் மாதிரி இருந்தது.

ஆவணியில் பால் காய்ச்சினோம், அது உனக்குத் தெரியும். உனக்குச் சொல்லாததைச் சொல்கிறேன். நடு வீட்டில் மூன்று கல் வைத்து, புதுச் சட்டியில் பால் ஊற்றி, பொங்கி வழிந்ததும் எல்லோரும் சந்தோஷமாகச் சத்தம் போட்டோம், கிழக்குப் பக்கம் வழிந்தது நல்லது என்று ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டு நின்றோம். வெள்ளைத் தரையில் வெள்ளைப் பால், எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. சாமிக்குப் பாலெடுக்க வந்த அத்தை அதில் கால் வைத்தாள், விழுந்தாள், மணிக்கட்டு முறிந்தது. சும்மா சுளுக்கு என்று உனக்குச் சொன்னது நான்தான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று அங்கேயே சிரித்தவள், கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு அன்று சாயந்தரமே லயத்துக் காம்பராவுக்கு, தன் பழைய ஒற்றை அறைக்கே, திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு புது வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

கூப்பிடாத நாள் இல்லை. ரப்பர் விரிப்பு வாங்கிப் போடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். செருப்பு வாங்கித் தருகிறேன் என்றேன், வீட்டுக்குள் எவளாவது செருப்புப் போடுவாளா என்று ஏசினாள். கடைசியில் "எனக்கு அந்தத் தரை புடிக்கல, அவ்வளவுதான், விட்டுருங்க" என்று சொல்லிவிட்டாள். உன் அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. என் பிள்ளை அங்கே முட்டி தேயத் தேய அடுத்தவன் வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டிச் சம்பாதித்து அனுப்பினால் இவளுக்குப் பிடிக்கவில்லையாம் என்று இரண்டு நாள் புலம்பினாள். எனக்கும் மனசு வெறுத்துப்போய் நாலு நாள் அக்கா பக்கம் போகவில்லை. அதற்குள் தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வந்தார். நல்ல மனுஷன், பக்குவமாகத்தான் சொன்னார், மாதக் கடைசியில் அந்த லயத்துக் கூரையைக் கழற்றப்போகிறார்கள், புது வீடு கிடைத்தவர்கள் அதற்குள் போய்விட வேண்டும், போகாவிட்டால் அந்த வீடு வேறு ஆளுக்குப் போனாலும் போகும் என்றார். மகன், அத்தைக்குப் பிள்ளையில்லை, மாமா போய்ப் பதினோரு வருஷம், அவள் பெயரில் இந்த உலகத்தில் எழுதின ஒரே பொருள் அந்த வீடு. அது போனால் அவள் கடைசிக் காலம் நம் வீட்டு மூலையில்தான்.

இதைச் சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு மத்தியானம் காம்பராவுக்குப் போனேன். நல்ல மழை, தகரத்தில் விழுந்த சத்தத்தில் நான் வந்தது அவளுக்குக் கேட்கவில்லை. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு மழையைப் பார்த்தபடி சும்மா நின்றேன், உனக்குத்தான் அப்பாவைத் தெரியுமே. அவள் திரும்பி என்னை நேராகப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. கோபமாக இருக்கிறாள் என்று நானும் பேசாமல் நின்றேன். தேத்தண்ணி போட்டாள். அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். அடுப்புக்கு முன்னால் சீமெந்து உடைந்த விளிம்பைக் கட்டைவிரல் தேடித் தொட்டது, தொட்ட பிறகுதான் குனிந்தாள். அம்மிக்குப் பக்கத்துப் பள்ளத்தில் குதிகால் இறங்கியதும் நின்று கையை நீட்டினாள், கை நேரே சீனிப் போத்தலில் போய் நின்றது. தம்ளரின் ஓரத்தில் ஒரு விரலை உள்ளே விட்டுக்கொண்டு தேத்தண்ணியை ஊற்றினாள், விரல் சுட்டதும் நிறுத்தினாள். எடுத்துக்கொண்டு என் பக்கமாகவே நடந்து வந்தாள், கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். அக்கா என்றேன். தம்ளர் விழுந்தது.

அப்புறம் இரண்டு பேரும் அழுதோம், அதை எழுதி என்ன ஆகப்போகிறது. ஒரு கண் சுத்தமாகப் போய்விட்டது மகன், மற்றதில் வெளிச்சமும் நிழலும்தான். எப்போதிருந்து என்று கேட்டால் அவள் சொன்ன பதிலைக் கேள். "இந்த வருசம் பனி ஜாஸ்தின்னுதான் நெனச்சேன் செல்லசாமி. மாசியில வந்துச்சு, சித்திரையிலயும் போகல. எல்லாரும் வெயில் அடிக்குதுன்னு துணி காயப்போட்டாங்க, அப்பதான் பனி வெளிய இல்லைன்னு தெரிஞ்சுச்சு" என்றாள். பிறந்ததிலிருந்து பனிமூட்டத்துக்குள்ளேயே இருந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னால் கையைப் பிடித்து ஒரு மூலையில் உட்கார வைத்துச் சோறு போடுவீர்கள், பாவம் பார்த்துப் பார்த்தே என்னைக் கிழவியாக்கிவிடுவீர்கள் என்றாள். நாற்பது வருஷம் விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்து, கொழுந்து பறிக்க வெறுங்காலோடு மலை ஏறினவள், அவளுக்குக் கண்ணை விடக் காலுக்குத்தான் இடம் அதிகம் தெரியும். காம்பராவில் எங்கே எது இருக்கிறது என்று ஒவ்வொரு வெடிப்பும் பள்ளமும் அவளுக்குச் சொல்லும். உன் டைல்ஸில் எங்கே கால் வைத்தாலும் ஒரே மாதிரி. "அழகாத்தான் இருக்கும், தடவிப் பாத்தேன், பட்டு மாதிரி இருக்கு. ஆனா அந்தத் தரை எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதுடா" என்றாள்.

கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பு கெட்டிருக்கிறதாம், போனது வராது, மிச்சம் இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்றார். காலையும் இரவும் உன் அம்மாதான் போய்ச் சொட்டு விடுகிறாள். அன்றைக்குப் புலம்பினதற்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் தினமும் ஏதாவது குழம்பையும் கொண்டுபோகிறாள்.

தரைக்கு மேசன் அழகுமுத்துவைக் கூப்பிட்டோம். அவருக்கும் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று, வேறு ஒருவருக்கும் தெரியாது. உளியை வைப்பதற்கு முன் நான் மட்டும் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து மேகம் மெதுவாக, ஒவ்வொன்றாக வந்து போனது. முதல் அடி விழுந்தபோது என் நெஞ்சில் விழுந்த மாதிரிதான் இருந்தது, உன்னை நினைத்துக்கொண்டேன். வெளியே நின்ற அத்தையும் "பாத்து எடுங்க, புள்ள போட்டுக் குடுத்தது" என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். உடையாமல் வந்ததைக் குசினியில் அடுப்புக்கு மேல் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பிறகு அத்தையை நடுவில் பலகை போட்டு உட்கார வைத்து, எங்கே எது வேண்டும் என்று கேட்டோம். மேசன் முதலில் முறுக்கிக்கொண்டார், நாற்பது வருஷமாகத் தரையை வழுவழு என்று தேய்க்கத்தான் படித்தேன், இப்போது சொரசொரப்பாகப் போடச் சொல்கிறீர்களே, பார்க்கிறவன் அழகுமுத்துவுக்குக் கை போய்விட்டது என்று சொல்ல மாட்டானா என்றார். இரண்டாம் நாள் அவருக்கே ஆசை வந்துவிட்டது. முழுவதும் சிவப்புச் சீமெந்து, அதில் வாசலிலிருந்து குசினிவரை விளக்குமாற்றை இழுத்து ஒரு முழ அகலத்துக்குக் கோடு கோடாகப் பாதை போட்டார். படுக்கிற அறைக்குத் திரும்பும் இடத்தில் கோடு குறுக்கே போகும். அடுப்புக்கு முன்னால் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு வரம்பு. பின்வாசல் படிக்கு ஓரடி முன்னால் சின்னக் கூழாங்கற்கள் பதித்த பட்டை, அதை மிதித்தால் அடுத்தது படி என்று அர்த்தம். காய்ந்ததும் அவர் தன் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு நடந்து பார்த்து, இரண்டு இடத்தைத் திருத்தினார். நானும் கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். மகன், என்ன சொல்வது, கண் திறந்திருந்தபோது நான் பார்க்காத வீட்டைக் கால் எனக்குக் காட்டியது.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது அத்தை வந்தாள். நாங்கள் மூன்று பேரும் வெளியே நின்றோம். சுவரைப் பிடிக்கவில்லை, ஒரு கையில் விளக்கு, மற்றக் கையில் அரிசிப் பெட்டி, கோட்டில் கால் வைத்தாள், போனாள், வரம்பில் நின்றாள், அரிசியை இறக்கி வைத்தாள், பின்வாசல்வரை போய்ப் படிக்கு முன்னால் தானாக நின்றாள். அங்கேயிருந்து எங்களைத் திட்டினாள், விருந்தாளி மாதிரி வெளியே நிற்கிறீர்களே, என் வீட்டுக்குள் வர மாட்டீர்களா என்று. உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இனிதான் முக்கியமான விஷயம். உனக்குக் கண் விஷயம் தெரியக் கூடாது என்று அத்தை என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "அத்தை ரசனை கெட்டவ, குடுத்ததை ஒடச்சிட்டான்னு நெனச்சா நெனச்சிட்டுப் போகட்டும். பாவம்னு நெனச்சான்னா வேலைய விட்டுட்டு ஓடியாந்துருவான்" என்றாள். நீ ஆசையாகக் கொடுத்ததை அவள் வெறுத்தாள் என்று நீ நினைத்துக்கொண்டு அந்த வெயிலில் முட்டி போட்டு வேலை செய்வதை என்னால் தாங்க முடியாது, அதனால் சத்தியத்தை மீறி எழுதுகிறேன், அந்தப் பாவம் என்னோடு போகட்டும். நீ ஓடி வர வேண்டாம், அவள் நன்றாக இருக்கிறாள். லீவில் வரும்போது அவள் வீட்டில் கையைப் பிடித்துக் கூட்டிப்போகாதே, அவள் முன்னால் நடப்பாள், நீ பின்னால் போ. விரிப்பு, ஸ்டூல் என்று எதையும் அந்தப் பாதையில் வைத்துவிடாதே.

முட்டிக்குப் பஞ்சு வைத்துக் கட்டாமல் வேலைக்கு உட்காராதே, தண்ணீர் குடி, அம்மாவின் தூளைக் கூட்டாளிகளுக்கு அள்ளிக் கொடுத்துத் தீர்த்துவிடாதே. மாரியம்மன் உன் கையையும் காலையும் கண்ணையும் காப்பாளாக, நீ மிதிக்கிற இடமெல்லாம் உனக்கு உறுதியாக இருக்கட்டும்.

மறக்காமல் ஒன்று செய். இது கிடைத்ததும் அத்தைக்கு வீடியோவில் போன் எடுத்து, தரையைக் காட்டச் சொல்லிக் கேள். காட்டுவாள். என்ன அத்தை, நான் போட்டுத் தந்ததை இப்படிப் பண்ணிவிட்டீர்களே என்று கோபப்படு. நீ கோபப்படாவிட்டால் நான் சொல்லிவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். உன் குரலில் கொஞ்சம் கூடப் பாவம் இருக்கக் கூடாது, நல்லா சண்டை போடு மகன்.

இப்படிக்கு
உன் அப்பா
செல்லசாமி