நுரை அடங்கிய கோப்பைகள்

அன்புள்ள அத்தைக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? பாப்பா அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

ஞாயிறன்று எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸுகளோடு நானும் ஓடினேன். பந்தயம் இல்லை, இந்த ஊரில் இது ஒரு விளையாட்டு; வழியிலுள்ள ஒவ்வொரு பாரிலும் நின்று, ஆளுக்கொரு கோப்பை பீர் குடித்துவிட்டு மறுபடி ஓடுவார்கள். பதறாதீர்கள், எனக்கு எலுமிச்சை ஜூஸ்தான்.

கடைசி பாருக்குக் கொஞ்சம் முன்னால் கால் லேசாகச் சுளுக்கியது. முன்னால் ஓடிய தலைமை நர்ஸ் திரும்பி வந்து என்னைத் தாங்கிக்கொண்டார்.

"நீங்க போங்க சிஸ்டர், அவங்க குடிச்சே முடிச்சிருப்பாங்க."

"நீ வராம யாரு குடிப்பா? மெதுவாவே வா."

உள்ளே போனால், நுரை அடங்கிய கோப்பைகளோடு அத்தனை பேரும் காத்திருந்தார்கள். ஒருத்திகூட வாய் வைக்கவில்லை. என்ன மனுஷிகள் அத்தை!

அடுத்த முறை வீடியோ காலில் நீங்கள் பேசக்கூட வேண்டாம். போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு நீங்கள் பாட்டுக்குச் சமையுங்கள், கூடவே இருப்பதுபோல் நான் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மருமகள்