ஹப்சிகுடா மாடியில் உன் ஞாயிற்றுக்கிழமைகள்

இன்று அலுவலகத்தில் ஒரு பையன் பேனாக்கத்தியில் விரலை அறுத்துக்கொண்டான். முதலுதவிப் பெட்டியைத் திறந்து வெள்ளை பிளாஸ்திரிச் சுருளைப் பிரித்தேன். மருந்தும் ரப்பரும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. “அண்ணா, ரத்தம் போகுது” என்று அவன் சொன்ன பிறகுதான் அசைந்தேன். நீ போய் இத்தனை வருஷம் கழித்து ஒரு பிளாஸ்திரி என்னை இப்படி அடிக்கும் என்று நினைக்கவில்லை.

ட்ரம்ஸ் முன்னால் உட்காருவதற்கு முன் நீ இரண்டு கை விரல்களிலும் அதைச் சுற்றிக்கொள்வாய், பல்லால் கிழித்து. ஹப்சிகுடாவில் டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. வார நாட்களில் அங்கே வங்கித் தேர்வுக்குப் பயிற்சி நடக்கும். ஞாயிறு மதியம் அதுதான் நம் ஜாஸ் கிளப். வெள்ளைப் பலகையில் அழிக்காமல் விட்ட வட்டிக் கணக்குக்கு முன்னால் நின்று வில்சன் அங்கிள் சாக்ஸபோன் ஊதுவார். சலீம் பாய் முந்தின நாள் மாப்பிள்ளை ஊர்வலத்தில் வாசித்த அதே டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். நான் பேஸ் கிட்டார். ஒரு மெட்டை எல்லோரும் சேர்ந்து ஒருமுறை வாசிப்போம். பிறகு ஒவ்வொருவராக அதை இஷ்டத்துக்கு உடைக்கலாம். மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும். வாரம் முழுக்க யாரோ எழுதிய நிரலில் யாரோ செய்த பிழைகளைத் தேடிக்கொண்டிருந்த நம் இருவருக்கும், சொந்தமாகப் பிழை செய்யக் கிடைத்த ஒரே இடம் அது.

“டேய் விருதுநகர், எவ்ளோ பேசறே! கம்மியா வாசிடா. நடுவுல நானும் இருக்கேன்.” என் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் நீ என்னைக் கூப்பிடுவாய்.

“நீ அடிக்கற சத்தத்துல என்னோடது எனக்கே கேக்கல.”

“சத்தமா? குச்சிகூட இல்ல, பிரஷ்ல அடிக்கறேன்டா. எங்கம்மா வீடு கூட்டறது இதைவிட சத்தம்!”

வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்று ஒருமுறை கேட்டேன். “நக்கோ டென்ஷன், கவலைப்படாதே. வீட்ல எல்லாம் ஓகே” என்றாய். நான் நம்பினேன்.

அந்தத் திங்கட்கிழமை விடியுமுன் உன்னை அழைத்துக்கொண்டு வந்த அலுவலகக் கார், நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் போய் மோதியது. ஓட்டுநர் தூங்காமல் இரண்டாவது ஷிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். வழக்கு அவர் மேல். ஓட்டச் சொன்ன ஒப்பந்தக்காரர் மேல் ஒன்றுமில்லை. எங்கள் குழுத்தலைவர் செய்தியைச் சொன்னார். கையில் இருந்த டீ ஆறுவதற்குள் உன் பெயரில் இருந்த வேலைகள் என் பெயருக்கு மாறியிருந்தன. திரையில் உன் பெயர் அழிந்து என் பெயர் வந்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. காது மட்டும் அடைத்துப்போயிருந்தது.

அதிர்ச்சி அதோடு முடிந்திருந்தால் தேவலை. அந்த வெள்ளிக்கிழமை உணவுக்கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மாலை போட்ட உன் படம். மனிதவளத் துறையின் பெண் மேலாளர் அழகான ஆங்கிலத்தில் பேசினார்: நீ வேலையை எவ்வளவு நேசித்தாய் என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில்கூடச் சிரித்துக்கொண்டே அலுவலகத்துக்கு வந்தாயாம். உன் அம்மாவே அவரிடம் சொன்னாராம். எல்லோரும் கைதட்டினார்கள். செத்தவளுக்குக் கைதட்டினார்கள்! மாலைக்குள் அதே வாக்கியம் உன் படத்தின் கீழே அச்சாகிச் சுவரில் ஏறியது. மின்மடலாக அத்தனை பேருக்கும் போனது.

ஒரு ஞாயிறுகூட நீ அந்தக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அப்போதுதான் புரிந்தது, நீ வீட்டில் என்ன சொல்லிவிட்டு மாடிக்கு வந்துகொண்டிருந்தாய் என்று. உன் அம்மா தெரியாமல் சொன்னார். அலுவலகத்தார் வருகைப் பதிவேட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் அதை எடுத்துக்கொண்டார்கள். உன் உயிர் போன காருக்குப் பொறுப்பேற்காதவர்கள், உனக்கென்று மிச்சமிருந்த ஒரே மதியத்தையும் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். நான் பஸ் ஏறி ஏ.எஸ்.ராவ் நகரில் இருந்த உன் வீட்டுக்குப் போனேன்.

உன் அப்பா கதவைத் திறந்தார். மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அந்தச் சில நாட்களில் சட்டென்று வயதாகியிருந்தார். உன் அம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டு உடனே ஆரம்பித்தார்.

“அவ விரலைப் பாத்திருக்கியா தம்பி? கொப்புளம் கொப்புளமா. கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டி. ஞாயித்துக்கிழமைகூட விடலியே பாவிங்க. அதுவும் சிரிச்சுகிட்டேதான் போவா. வேலை அவ்ளோ பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்.”

சொல்லாமல் வந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் உன்னைப் பொய்க்காரி ஆக்குவேன். சொல்லாவிட்டால் நீ கடைசிவரை அவர்களுடைய ஆள்.

“கம்ப்யூட்டர் தட்டினா கொப்புளம் வராதும்மா” என்றேன். மிச்சத்தையும் சொன்னேன்.

உன் அப்பா மெதுவாகக் கேட்டார். “நீங்க ரெண்டு பேரும்...?”

“இல்ல சார். நான் கிட்டார் வாசிப்பேன். அவ்வளவுதான்.”

உன் அம்மா எழுந்து நின்றுவிட்டார். “எவன்கூடயோ சுத்தினான்னு சொல்லு, நம்பறேன். தீபாவளிக்கு வெடிச்சத்தம் கேட்டா பாத்ரூம்ல போய் காதைப் பொத்திக்கற பொண்ணு அவ. ட்ரம்ஸாம்!”

“ஞாயித்துக்கிழமை வந்து பாருங்கம்மா.”

வந்தார். மூன்று மாடியையும் ஏறி, உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு. நாங்கள் உன் ட்ரம்ஸை வெள்ளைத் துணியால் மூடி, மேலே ரோஜா வைத்திருந்தோம். அன்று ட்ரம்ஸ் இல்லாமல் வாசிப்பது என்று முடிவு. அதுதான் மரியாதை என்று நினைத்தோம். வில்சன் அங்கிள் மெதுவான மெட்டு ஒன்றை எடுத்தார். பாதியில் உன் அம்மா எழுந்து வந்து துணியைத் தொட்டார்.

“எதுக்கு இதை மூடி வச்சிருக்கீங்க?”

“அவளுக்கு மரியாதைங்கம்மா” என்றார் வில்சன் அங்கிள்.

“அவ வாசிச்சதை நீங்கல்லாம் கேட்டாச்சு. நான் கேக்கலியே! யாராவது அடிங்க. என்னதான் பண்ணினான்னு எனக்குத் தெரிய வேணாமா?”

எங்களுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. சலீம் பாய் டிரம்பெட்டைக் கீழே வைத்தார். பாண்டு வாத்தியக்காரர் வீட்டுப் பிள்ளை. சின்ன வயதில் ட்ரம்ஸ்தான் முதலில் கற்றவர்; ஆள் குறைந்தால் இன்றும் ஊர்வலத்தில் அடிப்பார். “மேரே கூ உத்தா நை ஆத்தா அம்மா, அவங்க அளவுக்கு வராது” என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். துணியை உன் அம்மாவே மடித்து வைத்தார்.

வில்சன் அங்கிள் நான்கு சுற்று ஊத, சலீம் பாய் நான்கு சுற்று அடித்துப் பதில் சொன்னார். நீயும் அங்கிளும் சண்டை போடுவீர்களே, அதே இடம். உன் அம்மா ஒரு கை தூரத்தில் நின்று குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். காதைப் பொத்தவில்லை. முடிந்ததும் சலீம் பாயின் கையைப் பிடித்துத் திருப்பி, உனக்குக் கொப்புளம் இருந்த அதே விரல் மடிப்பில் இருந்த காய்ப்பைத் தடவிப் பார்த்தார். பார்த்த பிறகுதான் உன் அம்மாவின் முகம் மாறியது. இடி விழுந்தாற்போல் ஒரு முகம். நீ செத்துவிட்டாய் என்று இப்போதுதான் யாரோ சொன்னதுபோல.

“இதைவிட நல்லா அடிப்பாளா?”

“நிறைய நல்லாம்மா” என்றேன்.

அவர் திரும்பி நாற்காலிகளைப் பார்த்தார். இரண்டு கல்லூரிப் பையன்கள், வில்சன் அங்கிளின் சர்ச் நண்பர்கள், டயர் கடைக்காரர், இன்னும் சிலர்.

“இந்தப் பத்துப் பேருக்கா?”

“ஆமாம்மா.”

அவர் அழவில்லை. என்னைக் கட்டிக்கொள்ளவும் இல்லை. படியிறங்கும்போது பாதியில் நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னார். “அந்த ஆபீஸ் அம்மாகிட்ட தப்பா சொன்னது நான்தான். நீ போய் மாத்தச் சொல்லு. ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு இல்லைன்னு சொல்லு.”

திங்கட்கிழமை அந்த மடலுக்கு எல்லோருக்குமாகப் பதில் எழுதினேன்: “அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வந்ததில்லை. ஹப்சிகுடாவில் ட்ரம்ஸ் வாசித்தார். இது அவருடைய அம்மா சொல்லச் சொன்னது.” கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, நான் உணர்ச்சிவசப்பட்டிருப்பதாகவும் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். சுவரில் இருந்த படத்தை மாற்றவில்லை. நானே அதைக் கழற்றி உன் வீட்டில் கொடுத்துவிட்டு வேலையை விட்டேன். உன் அம்மா கீழே இருந்த வாக்கியத்தைக் கத்தரித்துவிட்டு உன் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

இப்போது கொண்டாப்பூரில் வேறொரு கம்பெனி. இங்கேயும் ஞாயிறு வரச் சொல்கிறார்கள். உடம்பு சரியில்லை, ஊரிலிருந்து ஆள் வருகிறது என்றெல்லாம் நான் சொல்வதில்லை. வாசிக்கப் போகணும் என்கிறேன். “ஷோவா? எவ்ளோ கூட்டம் வரும்?” என்று கேட்கிறார்கள். “பத்துப் பேர்” என்கிறேன். சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உறைப்பதில்லை. அதே கேள்வியை உன் அம்மா சிரிக்காமல் கேட்டார். அன்று நான் சொன்ன ‘ஆமாம்’ போதுமான பதிலா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஞாயிறுதோறும் மாடியேறி அதையேதான் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.