அந்த டிஸ்க் பழுதாகவில்லை

செடெனாக், ஜொகூர்
23 நவம்பர் 2025

அன்புத் தங்கை வாசுகிக்கு,

அண்ணன் குணாளன் எழுதுவது. கோத்தா கினபாலுவில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மா பத்து நாளாக உன் போனை எடுக்கவில்லையே என்று பயந்துபோயிருப்பாய். அவருக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை இறங்கியிருக்கிறது, கிளினிக்கில் ஒரு மாத்திரையைக்கூடக் குறைத்துவிட்டார்கள். உன்னிடம் பேசினால், நான் சொல்ல வேண்டியதைத் தானே சொல்லிவிடுவோமோ என்றுதான் எடுக்காமல் இருக்கிறார்.

இங்கே தினமும் மத்தியானம் மழை. சமையலறைக் கூரை பழைய இடத்திலேயே ஒழுகுகிறது. குலாயில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வழக்கம்போல ஓடுகிறது.

போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பாதியிலேயே பரவாயில்லை என்று சொல்லிவிடுவாய். நான் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவேன். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

வாசுகி, போன வருஷம் மார்ச்சில் உன் லேப்டாப்பில் இருந்த டிஸ்க் தானாகப் பழுதாகவில்லை. நான்தான் அழித்தேன்.

உன் ஆராய்ச்சி மென்பொருளுக்கு லினக்ஸ் இயங்குதளம் வேண்டும், பல்கலைக்கழக வேலைகளுக்கு விண்டோஸும் அப்படியே இருக்க வேண்டும் என்று சொல்லி லேப்டாப்பை என்னிடம் கொடுத்தாய். நீ கேட்டது இரண்டு. இரண்டென்ன, மூன்றே போட்டுத் தருகிறேன், திறக்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்று பெருமை பேசியது நான். ஒரு பென்டிரைவையும் கொடுத்து, கை வைப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் இதில் நகல் எடுத்துவிடுங்கள் என்றாய். ஆராய்ச்சிக்காக உன்னிடம் பேசியவர்களின் குரல் பதிவுகளை இணையத்தில் ஏற்ற மாட்டேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாய். அதனால் வேறு எங்கேயும் பிரதி இல்லை. அதையும் நீ சொன்னாய்.

உன் பழைய டிஸ்கை அப்படியே விட்டு, கூடவே புது டிஸ்க் ஒன்றை மாட்டினேன். இரண்டும் ஒரே அளவு. கடையில் இருந்த பென்டிரைவ் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தது. எடுக்கச் சோம்பல்பட்டு, நகலுக்கென்று நீ கொடுத்த பென்டிரைவிலேயே லினக்ஸை ஏற்றினேன். நகலை அப்புறம் எடுக்கலாம் என்று நினைத்தேன். இடையில் நீ போன் செய்து, பேக்கப் எடுத்தாச்சா என்று கேட்டாய். எடுத்தாச்சு என்றேன்.

எந்த டிஸ்கில் போடுவது என்று திரையில் கேட்டது. இரண்டு வரி, ஒரே எண். கவுன்டரில் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். சரியாகப் பார்க்காமல் மேலே இருந்ததைத் தேர்ந்தெடுத்து, முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு என்று கொடுத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் புது டிஸ்க் காலியாகவே இருக்கிறது, அழிந்தது உன்னுடையது.

அந்த நிமிஷமே மெஷினை நிறுத்தியிருந்தால் பாதிக்கு மேல் மீட்டிருக்கலாம். என் தொழில்தானே, எனக்குத் தெரியாதா. ஆனால் நிறுத்தவில்லை. மீட்கிறேன் என்று அதே டிஸ்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏதேதோ போட்டு, இருந்ததையும் கெடுத்தேன்.

நீ வந்தபோது, டிஸ்க் செத்துவிட்டது, எங்கேயோ அடிபட்டிருக்கும் என்றேன். நீயே யோசித்து, ஆயர் ஈத்தாமில் மழையில் மோட்டார் சைக்கிளிலிருந்து லேப்டாப் பை விழுந்ததைச் சொன்னாய். "என் தப்புதாண்ணே" என்றாய். நான் தலையாட்டினேன். வாசுகி, அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பை விழுந்ததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நாற்பத்தொரு பேர் பேசிய பதிவு. பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களை விடிவதற்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து பிடித்து, அவர்கள் தூக்கத்தையும் அலுப்பையும் பற்றிக் கேட்டு வைத்தது. திரும்பக் கேட்டபோது பாதிப் பேர் மறுத்துவிட்டார்கள். நீ படிப்பை விட்டுவிட்டுக் கோத்தா கினபாலுவில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலைக்குப் போனாய். போனில் அம்மா உன் கவனக்குறைவைச் சொல்லித் திட்டும்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். இந்தத் தீபாவளிக்கு வந்தபோதும், காரில் ஏர்போர்ட்டிலிருந்து வீடு வரைக்கும் பையை மடியிலேயே கட்டிப் பிடித்திருந்தாய். பின்னால் வைக்கச் சொன்னேன். வேண்டாம் என்றாய்.

நீ திரும்பிப் போன வாரம் கடைக்கு ஒரு பெண் வந்தார். பெயர் கஸ்தூரி, வீடு செனாய் பக்கம். கணவர் திருச்செல்வம் ஆகஸ்டில் வேலை முடிந்து வரும்போது ஸ்கூடாய் அருகில் மோட்டாரோடு விழுந்து இறந்துவிட்டார். கண் அசந்துவிட்டார் போலிருக்கிறது. அவருடைய போனைக் கொண்டுவந்து, அதில் அவர் குரல் ஏதாவது இருக்குமா என்று கேட்டார். போனைத் திறந்துவிட்டேன். அவர் அனுப்பிய செய்திகளெல்லாம் எழுத்தில்தான். குரலே இல்லை.

அப்போதுதான் கஸ்தூரி சொன்னார், போன வருஷம் யூனிவர்சிட்டியிலிருந்து ஒரு பெண் தன் கணவரைப் பேசவைத்துப் பதிவு செய்தார் என்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், ஒரு மணி நேரம் நான் பேசினதை ஒருத்தர் உட்கார்ந்து கேட்டாங்க என்று சந்தோஷமாகச் சொன்னாராம். கஸ்தூரி தன் பையிலிருந்து மடித்த சம்மதக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். உன் பெயர், உன் பழைய எண், உன் கையெழுத்து. என் தங்கைதான் என்றேன். அந்த அம்மாள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகும் என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. போனை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருந்த அந்தப் பழைய டிஸ்கைக் கோலாலம்பூரில் தரவு மீட்கும் ஒரு கடைக்கு அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது. மேலே மேலே எழுதியிருக்கிறார்கள், ஒன்றும் மிஞ்சவில்லை என்றார்கள். எழுதியது யார் என்று கேட்டார்கள். நான் என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அவகிட்ட நீயே சொல்லு, நான் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனவர், இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

போன ஞாயிறு கஸ்தூரி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் திருப்பிக் கொண்டுபோன போனை அவர் வாங்கி அலமாரியில் வைத்தார். உங்க தங்கச்சிக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் பார்த்த பார்வையில் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கேட்டைத் திறந்து வெளியே வந்துவிட்டேன். பின்னாலேயே வந்தார்.

"அண்ணே, அவர் என்ன பேசினாருன்னு உங்க தங்கச்சிக்கு ஞாபகம் இருக்குமா? எங்கிட்ட சொல்லாதது ஏதாச்சும் சொல்லியிருப்பாரு."

கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வாசுகி, உன் பேராசிரியருக்கு நடந்ததை எழுதி, என் கையெழுத்தோடு ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறேன். அனுப்பலாமா, வேண்டாமா என்பதை நீ சொல்வதுபோல் செய்கிறேன். அதனால் உன் படிப்பு திரும்பி வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. உனக்குப் போன ஒன்றரை வருஷம் போனதுதான்.

எனக்கு நீ பதில் போட வேண்டாம். என்னோடு பேச வேண்டும் என்றுகூட இல்லை. அம்மாவுக்கு மட்டும் போன் செய். நீ படித்துவிட்டாய் என்று தெரிந்தால் எடுப்பார்.

கஸ்தூரியின் முகவரியையும் எண்ணையும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். உனக்குக் கோபம் என்மேல். அது நியாயம். அவருக்காக ஒரு நாள் உட்கார்ந்து, நினைவிருப்பதை எழுதி அனுப்பு. நினைவில்லாததை இல்லை என்றே எழுது, அவர் புரிந்துகொள்வார். அந்த மனிதர் எப்படி உட்கார்ந்திருந்தார், எதைத் திரும்பத் திரும்பச் சொன்னார், வீட்டைப் பற்றி ஏதாவது பேசினாரா, எது இருந்தாலும் போதும். பேச்சின் நடுவில் அவர் எங்கேயாவது சிரித்திருந்தால், அதை விட்டுவிடாதேம்மா.

நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
குணாளன்