உங்கடை பேரை எடுக்கப்போகினம்

இஞ்சாருங்கோ, உங்களைக் கும்பிட்டு எழுதிறன். ஞாயிற்றுக்கிழமை இஞ்சை பலேர்மோ வீட்டிலை இருந்தது நான், எங்கடை இளையவன் தர்சன், மருமகள் துசானி, ஜேர்மனியிலையிருந்து வந்த அவளின்ரை தமையன் நிதுசன். உங்கடை கால் வீக்கம் வத்தினதோ?

தர்சனுக்கும் பேரனுக்கும் குடும்பப் பேராய் இருக்கிற உங்கடை பேரை எடுத்துப்போட்டு இத்தாலிப் பேர் வைக்கப்போகினமாம்.

“ஜேர்மனியை ஆண்ட ஒரு தலைவியின்ரை அப்பப்பா போலந்துக்காரர், மாமி. ஜேர்மன் பேருக்கு மாறினவை. என்ன குறைஞ்சுபோச்சு?” எண்டான் நிதுசன்.

“அவைக்குக் காணாமல்போன பிள்ளை இல்லையாக்கும்,” எண்டன்.

நாங்கள் கண்ணை மூடினாப்பிறகு எங்கடை மூத்தவன் வந்தால், உங்கடை பேரை வைச்சுத்தானே தம்பியைத் தேடுவான்? போனிலை கதைச்சால் இவைக்குக் கேக்கும், அதுதான் எழுதிறன். அங்கை ஊரிலை எங்கடை வீட்டு வாசல் படலையிலை உங்கடை பேரைப் பெரிசாய் எழுதுவியுங்கோ. கொஞ்சம் மோர்மிளகாயும் அனுப்புங்கோ.

நிதுசன் பிறத்தியான், விட்டிடுவம். சோத்தைக் குழைச்சுக்கொண்டே “அண்ணா இனி வரமாட்டான், அம்மா” எண்டவனைத்தான் நான் மன்னிக்கமாட்டன். உங்கடை மகன் தர்சனை.